பாதிப் பாலத்துப் பாசி

ஜனவரி 3, வெள்ளி

பனி. எட்டு மணிக்கும் ஊருணியின் எதிர்க்கரை தெரியவில்லை. தொண்டை கரகரப்பு. சுக்குக் காப்பி, இரண்டு தடவை.

செய்ய வேண்டியவை: மூன்றாம் அறைக் கொசுவலை. கேஸ் பதிவு. விடுதி வேலைக்கு வரும் செல்விக்குப் பொங்கல் லீவு எந்த நாள் என்று கேட்பது. பலகைத்தளம்.

பலகைத்தளம்தான் அவசரம். கடைசியில் எழுதினால் தள்ளிப்போடலாம் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

நேற்று மாலை விருந்தினர் ஒருவர், ஈரோட்டுப் பெண்மணி, அதில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடியில்லை. சேலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. "பரவாயில்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தனை முறை சொன்னதில்தான் கோபம் தெரிந்தது.

இன்று காலை நானே வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். கைப்பிடியைப் பற்றாமல் முடியவில்லை. போன சித்திரையில் அண்ணன் போட்ட தளம். இடித்த வீடுகளின் தேக்கு உத்திரங்களை வாங்கிப் பலகையாக அறுத்து, எங்கள் விடுதியின் பின்வாசலிலிருந்து தண்ணீருக்கு மேல் நீட்டியது. இது அதற்கு முதல் மழைக்காலம். தேக்கு நிறமே காணோம். வாழையிலை விரித்த மாதிரி கிடக்கிறது.

பொங்கலுக்கு எல்லா அறையும் நிரம்புகிறது. பதின்மூன்றாம் தேதி வருகிறார்கள்.

இன்னொன்று. இந்த ஊருணித் தண்ணீரில்தான் ஊர் சமைக்கிறது, குழாய் வந்த பிறகும். பருப்பு இதில்தான் வேகும் என்பார்கள். குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விடும் வெள்ளைத் தடத்தைப் பார்த்தால் நம்பக்கூடியதுதான். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். சோப்பு, துணி, குளியல் கிடையாது. தளம் போட ஊர் சம்மதித்தபோது பாண்டியக்கா சொன்னது ஒரே வாக்கியம்: "தண்ணிக்கு ஒரு கெடுதல்னு தெரிஞ்சா மறுநா பலகை இருக்காது, டீச்சரம்மா."

பாண்டியக்கா, ஊர்த் தலைவர் அம்பலார் வீட்டு அம்மா. நிலம், டிராக்டர், குரல் மூன்றும் உண்டு. எங்கள் பின்வாசலை ஒட்டிய படித்துறையில்தான் தினமும் தண்ணீர் எடுப்பார். தளத்தில் இதுவரை கால் வைத்ததில்லை. "பாதிப் பாலம்" என்பார். "அக்கரைக்குப் போகாத பாலத்த எதுக்குக் கட்டுனீக?"

ஜனவரி 4, சனி

பனி குறைவு. கொசுவலை ஆயிற்று.

அண்ணன் கோட்டையூர்த் தச்சுப் பட்டறையிலிருந்து வந்தார். தளத்தைப் பார்த்தார்.

"ஆசிட்டக் கலந்து ஒரு ஊத்து ஊத்துனா பளிச்சுனு ஆயிரும்."

"அந்த ஆசிட்டு எங்கண்ணே போகும்?"

"கீழ."

"கீழ என்ன இருக்கு?"

அண்ணன் கத்தினார்: "கொஞ்சூண்டு ஆசிட்டுக்கு ஊருணியே செத்துருமா?"

மத்தியானம் வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து போன். வீடு அவர்களுடையது, விடுதி நடத்துவது நானும் அண்ணனும். "மதுரையில ஒரு கம்பெனி இருக்காம்த்தா. மெஷின வச்சுத் தண்ணியப் பீச்சி அடிக்கிறாகளாம். மருந்துகூட எக்கோ ஃப்ரெண்ட்லி. டப்பாவுல பச்ச எலப் படம் போட்டிருக்கு."

டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் இல்லை. இயற்கையின் தோழன் என்று மட்டும் இருந்தது. கல்லூரியில் இத்தனை வருடம் வேதியியல் நடத்தியிருக்கிறேன். இப்படி விடை எழுதியவர்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

மெஷினும் வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் அடித்தால் மரத்தின் மென்மையான நார் பிய்ந்துவரும், பிய்ந்த இடத்தில் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். இதில் மட்டும் அண்ணன் என் கட்சி. "உரிச்சிப்புடும். நான் இழைச்ச பலகைய எவனோ ஒருத்தன் உரிக்கிறதா?"

சாயங்காலம் பாண்டியக்கா குடத்தோடு எங்கள் படியைத் தாண்டிக் கிழக்கே போனார்.

"என்னக்கா, அங்குட்டுப் போறீக?"

"உங்க அண்ணன் ஆசிட்டுன்னு கத்துனது எங்க மாட்டுத் தொழுவம் வரைக்கும் கேட்டுச்சு. நீங்க ஊத்துறதுக்கு முன்னாடியே அங்குட்டுத் தண்ணி மோந்து பழகிக்கிறோம்."

பின்னாலேயே மற்ற பெண்களும். எங்கள் படி காலி. யாரும் சண்டை போடவில்லை, குரல் உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

கேஸ் வந்தது. இட்லிக்கு அரைத்தது புளிக்கவில்லை, குளிர்.

அண்ணன் வெற்றி வீரராக வந்தார். ஒரு சாக்கு நிறையப் பூந்திக்கொட்டை. "மருந்தில்ல, மாயமில்ல. மரத்துல காய்ச்சது. பட்டுச்சேலைக்குப் போடலாம், நகைக்குப் போடலாம், பலகைக்குப் போடக் கூடாதா?" பெரிய அண்டாவில் ஊறப்போட்டுவிட்டார். நுரை அழகாகத்தான் வருகிறது.

செய்தி கிழக்குப் படிக்கும் போயிருக்கிறது. பாண்டியக்கா கரையில் நின்றே சம்மதம் கொடுத்தார்.

"பூந்திக்கொட்டைன்னா ஊத்துங்க. அது குழந்தைக்குக்கூடத் தேய்க்கிறது."

அண்ணன், பாண்டியக்கா, செல்வி, போனில் ஆச்சி, எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. நான் மட்டும் சிடுமூஞ்சி. எனக்கு எல்லோரும் ஒத்துப்போகிற விஷயத்தின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம்.

பூந்திக்கொட்டை நுரைப்பதற்குக் காரணமான பொருள் மீனின் செவுளுக்கு ஆகாது. படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததை வைத்து ஊரோடு வாதாடுவது என் பழக்கமில்லை. நாளை பார்த்துவிடலாம்.

ஜனவரி 6, திங்கள்

வெயில், நல்ல வெயில்.

இரண்டு வாளி. இரண்டிலும் ஊருணித் தண்ணீர். ஒன்றில் மட்டும் அண்டாவிலிருந்து ஒரு சொம்பு. தளத்தின் நிழலில் கூட்டமாக நிற்கும் கெண்டைக்குஞ்சுகளைச் செல்வி துணியால் அள்ளி இரண்டு வாளியிலும் விட்டாள். பாண்டியக்காவைச் சொல்லி அனுப்பி வரவழைத்தேன். வரும்போதே, "டீச்சரம்மா வீட்டுல மீன் குழம்பாம்ல?"

முதலில் வித்தியாசம் இல்லை. அண்ணன் சிரித்தார். காப்பி குடித்தோம். பிறகு நுரை வாளியில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று சாய்ந்தது. நான் உடனே எல்லாவற்றையும் நல்ல தண்ணீருக்கு மாற்றினேன். சில பிழைத்தன. சில இல்லை. இன்னொரு வாளியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

பாண்டியக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஏத்தா, இதுலதான நான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தல முழுகுறேன்?"

"நீங்க மீன் இல்லையேக்கா. உங்களுக்குச் செவுள் இல்ல."

"அதான் உசுரோட இருக்கேனா!" அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை.

அண்ணன் சொன்ன ஒன்று யோசிக்க வேண்டியது: வாளியில் ஒரு சொம்பு வேறு, ஊருணியில் ஓர் அண்டா வேறு, கலந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. சரியாகவே இருக்கலாம். ஆனால் ஊற்றியதும் ஊருணி முழுக்கக் கலந்துவிடாது. முதலில் தளத்தின் அடியில்தான் விழும். குஞ்சுகள் நிற்பதும் அங்கேதான்.

"அப்ப எதத்தான் போட்டுக் கழுவுறது?"

"எதையும் போட வேணாம்ணே. பச்சத் தண்ணி. தேங்கா மட்ட. கை."

"இதச் சொல்றதுக்கு எம்மெஸ்ஸியா?" என்றார். ஆனாலும் தார்ப்பாய் வாங்கப் போனார்.

அண்டாத் தண்ணீர் முன்வாசல் கழுவப் போயிற்று. அங்கே மீன் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

முதுகு. முழங்கால். மறுபடி முதுகு.

முதலில் காய்ந்த துடைப்பத்தால் கரைப் பக்கமாகப் பெருக்கல். சருகு, பறவை எச்சம், விருந்தினர் சிந்திய சோறு, எல்லாம் கூடையில். பிறகு தளத்தின் அடியில் தார்ப்பாய். தண்ணீரில் கால் வைக்காமல் கட்ட வேண்டும். அண்ணன் ஒரு நீள மூங்கிலில் கயிற்றை மாட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளித் தள்ளியே தொட்டில் மாதிரி கட்டிவிட்டார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நார் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. மட்டை, கொஞ்சம் தண்ணீர், தேய், வழி. அழுக்குத் தண்ணீர் ஓரம் வழிந்து தார்ப்பாயில் தேங்குகிறது. அதைச் செல்வி வாளியில் மொண்டு தென்னைக்கு ஊற்றினாள். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் மட்டும் சமையல் சோடா ஒரு சிட்டிகை, ஈரத் துணியில். துடைத்த துணி நேராக வாளிக்கு.

செல்வி: "அக்கா, இத வீட்டுத் தரைக்குச் செஞ்சா என் மாமியாரு கோயில் கட்டும் எனக்கு."

மாலையில் பாதித் தளம். தேக்கு நிறம் எட்டிப் பார்க்கிறது. என்னையறியாமல் பாட்டு முணுமுணுத்தேன் போலிருக்கிறது. செல்வி திரும்பிப் பார்த்தபோதுதான் நிறுத்தினேன்.

ஜனவரி 8, புதன்

மீதிப் பாதியும் முடிந்தது. ஒரு துளி மருந்து தண்ணீரில் விழவில்லை. ஆச்சிக்குப் படம் அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று, இதயம் ஒன்று பதிலாக.

பாண்டியக்கா இன்னும் கிழக்குப் படிதான். "இன்னும் நாலு நா பாப்போம்" என்றாராம். பார்க்கட்டும். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 9, வியாழன்

காலையில் பனி. மத்தியானம் கொளுத்தும் வெயில். சாப்பிட்ட பிறகு போய்ப் பார்த்தேன். முற்றத்துத் தரை காய்ந்துவிட்டது, துணி காய்ந்துவிட்டது. தளம் காயவில்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பலகைகள் மழையில் ஊறி ஓரம் லேசாகத் தூக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் தண்ணீர், தட்டில் நிற்கிற மாதிரி. போக வழி இல்லை. இரண்டு பலகை சேருமிடத்தில் சந்தே கிடையாது. நகம் நுழையாது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கோட்டில் மட்டும் பச்சை மிச்சம்.

ஒரே ஒரு இடம் சுக்காகக் காய்ந்திருந்தது. வாசலை ஒட்டிய முதல் பலகை. பழைய சுவர் நேராக இல்லாததால் அங்கே மட்டும் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அண்ணனுக்கு அது தீராத வெட்கம். ஒல்லியான மரச்சட்டத்தைப் பட்டையாக அடித்து மறைக்க வேண்டும் என்று சித்திரையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். பாசி பிடிக்காத இடம் அது ஒன்றுதான்.

ஆக, பாசிக்குக் காரணம் மழையில்லை. அண்ணனின் கைத்திறமை.

அப்பா பட்டறையில் இரண்டு பலகையை இணைத்ததும் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தாலும் வேலை தள்ளுபடி, முதலிலிருந்து. அண்ணன் அங்கே படித்தவர். கதவுக்கும் அலமாரிக்கும் அது சரி. மழையில் திறந்து கிடக்கிற, கீழே தண்ணீர் ஆவி அடிக்கிற தளத்துக்குச் சரியில்லை.

சொல்லாமலும் இருக்கலாம். பொங்கல் விருந்தினர் வந்து போகும்வரை தாங்கும். மாசியில் மறுபடி பச்சை, மறுபடி யாராவது ஆசிட்டு என்பார்கள், நான் இல்லாத நாளாகப் பார்த்து ஊற்றிவிடுவார்கள். பாண்டியக்கா சொன்ன சொல்லைச் செய்வார். தளம் போகும். அண்ணன் இதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் வந்தாலும் இதைத்தான் கூட்டிவந்து காட்டுகிறார். அது போகக் கூடாது.

சொன்னேன். மாலை நான்கு மணி வாக்கில், ஒரு சொம்புத் தண்ணீரைப் பலகையில் ஊற்றிக் காட்டி.

அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். அது எங்கும் போகவில்லை.

"சந்து விட்டு அடிக்கிறதுக்கு ஆசாரி எதுக்கு? கோழிக்கூடு அடிக்கிறவன் போதும்."

"இது கதவில்லண்ணே."

"கதவு எது, தளம் எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும். நீ ஒரு பலகைய இழைச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். டிபன் டப்பாவை மறந்துவிட்டார்.

சொன்னது சரி. அதில் சந்தேகமில்லை. செல்வி பக்கத்தில் நிற்கும்போது சொன்னது சரியில்லை.

ஜனவரி 10, வெள்ளி

மேகமூட்டம். ஒருவேளை தூறல் வரலாம்.

அண்ணன் போன் எடுக்கவில்லை. மத்தியானமும் இல்லை. அண்ணி எடுத்தார்.

"பட்டறையில ரெண்டு பலகைய வெயில்ல போட்டுத் தண்ணிய ஊத்தி ஊத்திப் பாத்துக்கிட்டு இருக்காக. ஒண்ணு ஒட்டி வச்சிருக்காக, ஒண்ணு தள்ளி வச்சிருக்காக. சோறு வைக்கட்டுமான்னா பேச மாட்டேங்குறாக. என்னத்தச் சொன்னீக அவுகள?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

சிரிப்பு வந்தது. வாளியும் மீனும் வைத்துச் சோதிக்கும் என் பழக்கம் அவருக்கும் தொற்றிக்கொண்டது.

மளிகை: வெல்லம், பச்சரிசி, முந்திரி, ஏலக்காய், மஞ்சள் கொத்து சொல்லியாயிற்று. கரும்பு சொல்ல வேண்டும்.

ஜனவரி 11, சனி

விடிந்தும் விடியாமலும் பின்பக்கம் ஸ்க்ரூ மெஷின் சத்தம். அண்ணனும் இன்னும் இரண்டு ஆட்களும். முதல் வரிசை ஏற்கெனவே கழற்றியாயிற்று.

"காப்பி போடு" என்றார். டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

காதில் செருகியிருக்கும் தச்சுப் பென்சிலை எடுத்து இரண்டு பலகைக்கு நடுவே படுக்க வைத்து, அது தொடும்படி தள்ளி, முடுக்குகிறார். பிறகு பென்சிலை உருவி அடுத்த சந்து. ஓரத் தூக்கலை இழைத்துச் சமன் செய்கிறார். சீவல் ஒன்றுகூடத் தண்ணீரில் விழவில்லை, தார்ப்பாய் இன்னும் இருக்கிறது. சந்திலும் அவர் அவர்தான்: எல்லாச் சந்தும் ஒரே அகலம்.

பத்து மணிக்குப் பாண்டியக்கா கரையில்.

"என்ன ஆசாரியாரே, பாலத்தப் பிரிக்கிறீக? நாங்க பிரிக்கிறதுக்குள்ள நீங்களே பிரிக்கிறீகளா?"

"சந்து விடுறோம்."

"சந்து விட்டா அழுக்கெல்லாம் நேரா தண்ணிக்குள்ளதான விழும்? இப்பயாச்சும் மேல நிக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். கேள்வி சரியான கேள்வி. நேற்று முழுக்க நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"விழும்க்கா. காத்துல வர்ற தூசி விழும், சருகு விழும். அது ஊருணியில எங்குட்டும் விழுறதுதான். காஞ்சு கிடந்தா பாசி பிடிக்காது. பாசி பிடிக்கலன்னா யாருக்கும் மருந்து ஊத்துற நெனப்பு வராது. தினமும் காஞ்ச துடைப்பத்துல கரைப் பக்கமாப் பெருக்குவோம். கழுவுனா அடியில தார்ப்பாய் கட்டாமக் கழுவ மாட்டோம்."

"சோறு?"

"என்ன சோறு?"

"ராத்திரியில வெளக்கு வச்சு, எலை போட்டு, அதுல உக்காந்து திங்குறாகள்ல. கொழம்பும் எண்ணெயும் சந்து வழியா எங்க தண்ணிக்குத்தான வரும்?"

விருந்தினர் இங்கே வருவதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். தண்ணீர், விளக்கு, வாழையிலை. ஆச்சிக்கு அதுதான் பெருமை.

"சோறு இனிமே உள்ள" என்றேன்.

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பாண்டியக்காவும் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தான்."

ஆச்சியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் கேட்டது நியாயம். நான் அவர் இடத்தில் இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன்.

ஜனவரி 12, ஞாயிறு

முடிந்தது. பகல் முழுக்க வெயில்.

ஆச்சியிடம் சாப்பாட்டு விஷயம் சொன்னேன். "ஒன் இஷ்டம்த்தா. கொறஞ்சா என்னயக் கேக்கக் கூடாது." குறைந்தால் குறையட்டும்.

தார்ப்பாயை அவிழ்த்த பிறகு அண்ணன் கரையில் குப்புறப் படுத்துத் தளத்தின் அடியை எட்டிப் பார்த்தார். என்னவோ என்று நானும் குனிந்தேன். ஒவ்வொரு சந்து வழியாகவும் வெயில் இறங்கித் தண்ணீரில் கோடு கோடாகக் கிடந்தது. குஞ்சுகள் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி ஓடின.

"அம்புட்டும் வெளிச்சம்" என்றார். "அப்பா இருந்தா அத்தனையையும் கழட்டச் சொல்லியிருப்பாரு."

"ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக் காட்டியிருப்பேன்."

"அடி விழுந்திருக்கும் ஒனக்கு."

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். சந்து விட்டதில் ஒரு பலகை மிஞ்சிவிட்டது. வண்டியில் ஏற்றுவார் என்று நினைத்தேன். சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போனார்.

வாசல் ஓரத்து இடைவெளிக்குப் பட்டை அடிக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

விருந்தினர் வந்தாயிற்று. ஒருவர் கேட்டார், படத்தில் இருக்கிற மாதிரி தண்ணீர் மேல் சாப்பாடு இல்லையா என்று. "இது ஊர் குடிக்கிற தண்ணீர்" என்றேன். முகம் சுண்டியது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் போய் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இருக்கட்டும்.

இராத்திரி பனி பெய்யும் போலிருக்கிறது. நல்லது. சோதனை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

கடும் பனி. கைப்பிடியிலிருந்து சொட்டுகிறது. வெறுங்காலோடு கடைசிப் பலகை வரை கைப்பிடியைத் தொடாமல் போய் வந்தேன். குளிர்ச்சி மட்டும்தான், வழுக்கல் இல்லை.

அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறார். மிஞ்சிய பலகையை எங்கள் படித்துறையின் மேலே, கரையில், இரண்டு கல்லின் மேல் வைத்து முடுக்கியிருக்கிறார். இடுப்புயரம். நடுவில் மூன்று வட்டக் குழி, குடத்தின் அடி உட்காருகிற மாதிரி. வட்டங்கள் கச்சிதம். யார் கேட்டார்கள் என்று கேட்டேன். "மிஞ்சிக் கிடந்துச்சு" என்றார்.

அந்தப் படியில் பத்து நாளாக யாரும் இறங்கவில்லை.

பனிக்குள் பேச்சுச் சத்தம். பாண்டியக்கா, பின்னால் மற்றவர்கள், புதுச் சேலை, கையில் பொங்கல் தண்ணீருக்குப் பித்தளைக் குடங்கள். வழக்கம்போலக் கிழக்கே நடந்தார்கள். எங்கள் படி தாண்டியாயிற்று. பிறகு பாண்டியக்கா நின்றார். குடத்தைப் பின்னால் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பாதிப் பாலத்தில் ஏறினார். முதல் முறை. கட்டை விரலால் ஒவ்வொரு சந்தையும் தடவிக்கொண்டே நுனி வரை போனார். அங்கே நின்று கீழே பார்த்தார். திரும்பி வந்து காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார்.

"பச்ச ஒட்டல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

எங்கள் படியில் இறங்கினார். மொண்டார். ஏறிவந்து நிறைகுடத்தைப் பலகையின் நடுக் குழியில் வைத்தார். அது ஆடாமல் உட்கார்ந்தது.

"குழி வெட்டத் தெரிஞ்ச ஆளுக்குச் சந்து விடத் தெரியலையே, ஆசாரியாரே?"

அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மற்ற இரண்டு குழியையும் துண்டால் துடைத்தார். அடுத்த பெண் குடத்தோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.